ஏழாம் அத்தியாயம்: ஊர் சுற்றும் பெயர்ப் பலகை

நெய்வேலியில் புதிதாகக் கடை திறக்க வருகிறவர், பிற ஊர்களில் தாம் பழகிய விளம்பர முறைகளில் பாதி இங்கே செல்லாது என்பதை முதல் மாதத்திலேயே கண்டுகொள்வார். 1956ஆம் ஆண்டு நவம்பரில் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டபின், சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் உழைக்க வந்தவர்கள் குடியிருப்பதற்கென்றே நிர்மாணிக்கப்பட்ட இந்த நகரியத்தில், வீடும் வீதியும் மைதானமும் கழகத்தின் உடைமையாக இருப்பதால், கண்ட சுவரில் சுண்ணாம்படித்துப் பெயர் எழுதுவதோ, முச்சந்திதோறும் தட்டி கட்டுவதோ எவருக்கும் உரிமையான காரியம் அன்று. ஆனால் சுவர் கிடைக்காத ஊரில் வண்டி கிடைக்கும். கடைக்காரரின் சொந்தச் சரக்கு வண்டி, அவருக்குத் தெரிந்த ஆட்டோ, பண்ருட்டிக்கும் வடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் போய்வருகிற பேருந்து ஆகிய இவற்றின் முதுகுதான் நெய்வேலி வியாபாரிக்குக் கிடைக்கக்கூடிய சுவர். அந்தச் சுவரை முறையோடு பயன்படுத்துவது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இவ்வூரின் ஜன அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெருநகரத்தில் ஒரு பேருந்தின் பின்னால் எழுதிய பெயரைக் காலையில் ஒருவர் பார்த்தால், மறுநாள் அதே இடத்தில் அதைப் பார்ப்பவர் வேறொருவராக இருப்பார். அதனால்தான் ஷாங்காய் முதலிய சீன நகரங்களிலும் சிங்கப்பூரிலும் பேருந்தின் உடல் முழுவதையும் ஒரே விளம்பரமாக மாற்றி, லட்சக்கணக்கான கண்களில் ஒரே பார்வையில் பதியும்படி பெரும் பொருட்செலவு செய்கிறார்கள். நெய்வேலியின் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஷிப்ட் முறைப்படி வேலைக்குப் போகிறவர்களும், பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடுகிறவர்களும், மெயின் பஜாருக்குக் காய்கறி வாங்க வருகிறவர்களும் ஏறத்தாழ ஒரே வழியில், ஒரே வேளையில், வருஷக்கணக்காகப் போய்வருகிறார்கள். ஆகவே நம்முடைய வண்டியைப் பார்ப்பவர் தொகை பெரிதன்று. ஆனால் அதே மனிதர் அதே வண்டியை மாதத்தில் பலமுறை பார்க்கிறார். புதியவர் கண்ணை ஒரு கணம் கவர்வது அங்கே தேவை. பழகிய முகமாகிவிடுவது இங்கே தேவை. இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள்தான் பட்டணத்துப் பாணியில் பளபளப்பான படங்களை அச்சடித்து ஒட்டி, மூன்று மாதத்துக்கொரு முறை அவற்றை மாற்றி, ஒன்றும் ஜனங்களின் ஞாபகத்தில் நிற்காமல் பணத்தை விரயம் செய்கிறார்கள்.

இன்னொரு விசேஷமும் உண்டு. கழகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூரிலோ, வடக்குத்திலோ, இந்திரா நகரிலோ வீடு கட்டிக்கொண்டு போய்விட, அவர் இருந்த வீட்டுக்குப் புதிய குடும்பம், பல சமயம் ஆந்திரத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வடநாட்டிலிருந்தோ, வந்து சேருகிறது. இருபது வருஷம் உங்கள் கடையில் மளிகை வாங்கியவர் உங்களை அறிவார். அவருடைய வீட்டில் இப்போது குடியிருப்பவருக்கு உங்கள் பெயரே தெரியாது. ஆகையால், "நம் கடையை ஊருக்கே தெரியும், விளம்பரம் எதற்கு?" என்று கேட்கும் பழைய வியாபாரிகளுக்கு, அந்த ஊரே மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

வண்டியைக் கொண்டு பெயரைப் பரப்புவது நம் நாட்டுக்குப் புதிதன்று. மௌனப் படக் காலந்தொட்டே, இரட்டை மாட்டு வண்டியின் இருபுறமும் படத்தட்டிகளைச் சாத்தி, முன்னால் பேண்டு வாத்தியமோ பறையோ முழங்க, நோட்டீசுகளை வீசிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற சினிமா வண்டி தமிழ்நாட்டின் சிற்றூர்களில் எல்லாரும் அறிந்த காட்சியாக இருந்தது. 1930களில் தேயிலைப் பிரசாரத்துக்காக ஏற்பட்ட வாரியத்தார், தேநீர் பருகும் வழக்கமே இல்லாத ஊர்களுக்கு மோட்டார் வண்டிகளை அனுப்பித் தேநீர் தயாரித்துக் காட்டி இலவசமாக வழங்கினார்கள். ஐரோப்பாவில் பிரான்சு தேசத்தைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்துக்கு முன்னால் விளம்பர வண்டிகள் அணிவகுத்துப் போகும் வழக்கமும் 1930ஆம் ஆண்டில்தான் தொடங்கிற்று. பந்தய வீரர்கள் கடந்து போகிற சில நிமிஷக் காட்சிக்காக மணிக்கணக்கில் வழியோரம் காத்திருக்கும் ஜனங்களுக்கு, அந்த வண்டிகளிலிருந்து மாதிரிப் பொருள்களையும் சிறு பரிசுகளையும் வீசிக்கொண்டு போவார்கள். இந்த மூன்றிலும் பொதுவாக உள்ள அம்சம் ஒன்று உண்டு. வண்டி பெயரை மட்டும் சுமந்து போகவில்லை. கேட்பதற்கு ஒரு தாளத்தையோ, பருகுவதற்கு ஒரு கோப்பையையோ, கையில் வாங்குவதற்கு ஒரு பொருளையோ கூடவே சுமந்து போயிற்று.

இதற்கு நம் ஜில்லாவிலேயே சிறந்த உதாரணம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு கடலூரில் 15,000 ரூபாய் முதலுடன் சி. கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பூ வியாபாரம், பிற்காலத்தில் கெவின்கேர் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்த வரலாறு பலரும் அறிந்ததே. ஷாம்பூ என்றால் என்னவென்றே தெரியாத கிராமங்களுக்கு அவர்கள் நேரே போனார்கள். கூட்டத்தின் முன்னால் ஒரு பையனை நிறுத்தி அவன் தலைக்கு ஷாம்பூ தேய்த்துக் கழுவிக் காட்டி, அந்த முடியைத் தொட்டுப் பார்க்கும்படி ஜனங்களை அழைத்தார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு இடையிடையே தங்கள் விளம்பரத்தையும் காட்டினார்கள். காலி உறைகளைச் சேர்த்துக் கொண்டு வந்தால் புதிய உறை ஒன்று இலவசம் என்றார்கள். வண்டியின் பக்கத்தில் எழுதிய பெயரை விட, வண்டியிலிருந்து இறங்கியவர்கள் செய்து காட்டிய காரியம்தான் அந்தப் பெயரைத் தென்னாட்டுக் கிராமங்களில் நிலைநாட்டிற்று என்பது என் அபிப்பிராயம். முந்திரிப் பருப்பு விற்கிறவரும், பலகாரம் செய்கிறவரும், வீட்டு மசாலா அரைக்கிறவரும் இந்த முறையை அப்படியே கைக்கொள்ளலாம்.

இனி, பெயரை எழுதும் வேலைக்கு வருவோம். வண்டியின் எந்தப் பாகத்தில் எழுதுவது என்பதுதான் எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் கடக்கிறது. எதிரே வருகிறவரும் அதே வேகத்தில் வந்தால், இருவருக்கும் இடையிலுள்ள தூரம் விநாடிக்கு 22 மீட்டர் வீதம் குறைகிறது. 45 மீட்டர் தொலைவில் எழுத்து கண்ணுக்குத் தெரியத் தொடங்கினாலும் அவருக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டே விநாடி. ஆனால் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டிலிருந்து மெயின் பஜார் வரையில் அந்த வண்டியின் முதுகையே பார்த்துக்கொண்டு வர வேண்டியவராகிறார். ஆகவே பணம் குறைவாக இருந்தால் முழுப் பணத்தையும் பின்புறத்துக்கே செலவிடுங்கள். பக்கவாட்டு எழுத்து, வண்டி நிற்கும்போதுதான் படிக்கப்படும். பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் நெடுநேரம் நிற்கிற வண்டியாயின் அதற்குச் செலவு செய்யலாம், இல்லாவிடின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடலாம்.

பின்புறம் என்று சொல்லிவிட்டால் போதாது. 'குட்டி யானை' என்று நம் ஜனங்கள் அன்போடு அழைக்கும் சிறிய சரக்கு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் கதவு, சரக்கு ஏற்றி இறக்கும்போதெல்லாம் கீழே தொங்குவதால், அந்த நேரம் முழுவதும் அதில் எழுதிய பெயர் தலைகீழாகவே இருக்கும். கதவின் கொக்கியும் சங்கிலியும் எழுத்தின் நடுவே வந்து விழும். மூட்டை உராய்ந்து உராய்ந்து பெயிண்ட் முதலில் போவதும் அந்த இடத்தில்தான். ஆகையால் மேல் கூண்டு கட்டிய வண்டியாயின் கூண்டின் பின்நெற்றியில் எழுதுவதே உசிதம். கீழ்க் கதவில் ஒரு சின்னமோ வர்ணப் பட்டையோ இருந்தால் போதும். ஆட்டோவில் கண்ணாடிக்கு மேலேயுள்ள சிறு தகடுதான் நிலையான இடம். ரெக்சின் டாப்பின் மடிப்பில் ஒட்டிய ஸ்டிக்கர் ஒரு கோடையைத் தாண்டுவதில்லை. நம்பர் பிளேட்டையும், பின்விளக்கையும், பிரதிபலிப்புப் பட்டையையும் எந்தக் காரணத்தை முன்னிட்டும் மறைக்கலாகாது.

எழுத்தின் அளவுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் கணக்கு ஒன்று உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். அறுபதடி தொலைவிலிருந்து சிரமமின்றிப் படிக்கவேண்டுமானால் எழுத்து ஆறங்குலம் இருக்கவேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு இது சரியாக வரும். தமிழுக்கு இதையும் சற்றுக் கூட்டிக்கொள்வது நல்லது. மெய்யெழுத்தின் புள்ளியும், இகர ஈகாரங்களின் மேல் விசிறியும், உகர ஊகாரங்களின் கீழ்ச் சுழியும் எழுத்தின் நடு உடலை நெருக்கிச் சிறிதாக்கிவிடுகின்றன. தூரத்தில் முதலில் மறைவதும் அந்தப் புள்ளியும் விசிறியுமே. எழுதி முடித்தவுடன் கைகட்டிப் பக்கத்தில் நின்று ரசிக்காமல், இருபது நீண்ட எட்டு பின்னால் நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். புள்ளி தெரியவில்லையானால் வர்ணம் காயுமுன்பே பெரிதாக்கச் சொல்லுங்கள். பெயர் எழுதும் கலைஞர்களில் அனுபவசாலிகள், "அண்ணே, போன் நம்பரைச் சின்னதாக்கிட்டு பேரைப் பெரிசாப் போட்டுடறேன்" என்று தாமே சொல்வார்கள். அந்த யோசனையைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓடும் வண்டியிலிருந்து பத்து இலக்கங்களை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. கடையின் பெயர், அது விற்கும் பொருள், நகரியத்தில் அது இருக்கும் வட்டத்தின் (பிளாக்கின்) எண் ஆகிய மூன்றும் போதும். வட்டத்தின் எண்ணைச் சொன்னாலே வழி கண்டுபிடித்துவிடுகிற ஊர் இது.

சிறிய வாசகம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதை அறிய விரும்புகிறவர்கள் அரசுப் பேருந்துகளில் எழுதியிருக்கும் திருக்குறளை நினைத்துப் பார்க்கட்டும். வேறு எங்கும் பார்வையைச் செலுத்த இடமின்றி நெருக்கத்தில் நின்றபடி பிரயாணம் செய்தவர்கள், இரண்டே அடியாக இருந்த காரணத்தால் அதைத் தம்மையறியாமலே மனனம் செய்துகொண்டார்கள். அந்த இடத்தில் ஒரு முழு அதிகாரத்தையும் எழுதியிருந்தால் ஒரு குறளும் தங்கியிராது.

வர்ணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நெய்வேலியின் மண்ணை மறந்துவிடக் கூடாது. சுற்றுவட்டாரத்துச் செம்மண் தூசியும், அனல் மின் நிலையச் சாம்பலும் படிவதால், வெள்ளைத் தரையில் எழுதிய விளம்பரம் மழைக்காலம் தவிர மற்றக் காலங்களில் பழுத்துப்போனது போலவே காட்சியளிக்கும். கரும்பச்சை, கருநீலம் போன்ற ஆழ்ந்த தரையில் மஞ்சளாலோ வெள்ளையாலோ எழுதினால் தூசி படிந்தும் பெயர் தெரியும். ஒரு முறை தேர்ந்தெடுத்த வர்ணத்தைப் பின்னர் மாற்றலாகாது. கடையின் பலகை, பில் புத்தகம், துணிப்பை, வண்டி எல்லாம் ஒரே வர்ணத்தில் இருந்தால், எழுத்துத் தெரியாத தூரத்திலிருந்தே வண்டி இன்னாருடையது என்று ஜனங்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். தமிழ் படிக்கத் தெரியாத குடும்பங்கள் கணிசமாக வாழும் ஊரில் வர்ணமும் சின்னமுமே பாதி வேலையைச் செய்கின்றன.

சட்ட விஷயங்களில் அலட்சியம் கூடாது. வாடகைக்கு ஓடும் வாகனத்தில் விளம்பரம் எழுதுமுன் போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதி வேண்டுமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டே காரியத்தில் இறங்குங்கள். வண்டியின் முழு வர்ணத்தையும் மாற்றினால் பதிவுச் சான்றிலும் அதை மாற்றவேண்டியிருக்கும். கண்ணாடியை மூடி ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். வாகனக் கண்ணாடிகளில் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டில் தடுத்திருக்கிறது. வாகனங்களில் புகையிலைப் பொருள்களுக்கு விளம்பரம் செய்வதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகிறது. அரசுப் பேருந்துகளில் இடம் வேண்டுமானால் டிரைவரிடமோ கண்டக்டரிடமோ கேட்பதில் பயனில்லை. போக்குவரத்துக் கழகத்திடம் விளம்பர உரிமையை ஒப்பந்தத்துக்கு எடுத்தவர் யாரென்று விசாரித்து அவரிடம் பேசவேண்டும்.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டோவின் மேல் குழாய் கட்டி, "வாங்க, வாங்க" என்று வீதிவீதியாகக் கூவிக்கொண்டு போவது பலருக்கும் பிரியமான முறை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அறவே கூடாது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதிப் பகுதி என்று அறிவிக்க இடமுண்டு. இந்த விதிகளெல்லாம் எந்த ஊருக்கும் பொது. நெய்வேலிக்கு மட்டும் உரிய காரணம் ஒன்று இவற்றையெல்லாம் விடப் பெரிது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகல் பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உறங்குகிற ஊர் இது. அந்த வீட்டு வாசலில் நின்று உங்கள் கடையின் பெயரை உரக்கக் கூவுகிற வண்டி, அந்தக் குடும்பத்தின் ஞாபகத்தில் உங்கள் பெயரைப் பதிக்கத்தான் செய்யும்; ஆனால் எந்த உணர்ச்சியோடு பதிக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நகரியத்துக்குள் ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நகரியத்துக்கு வெளியே மந்தாரக்குப்பம் கடைவீதியிலும், சந்தை கூடும் இடங்களிலும், அனுமதி பெற்று, அளவோடு பயன்படுத்தலாம்.

வண்டியை விட வண்டி ஓட்டுகிறவர் முக்கியம். உங்கள் பெயரை முதுகில் தாங்கிய ஆட்டோ குறுக்கே புகுந்து, சிக்னலை மீறி, பள்ளிப் பிள்ளைகள் கடக்குமிடத்தில் ஹாரனை அலறவிட்டால், அந்த அபகீர்த்தி ஓட்டுநரைச் சேர்வதில்லை, கடையைச் சேர்கிறது. ஆகையால் அதிகச் சவாரி போகிறவரைத் தேடுவதைக் காட்டிலும் நிதானமாக ஓட்டுகிறவரைத் தேடுங்கள். அவரிடம் பேசும்போது அவருடைய கஷ்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். "அண்ணே, ஒட்டறதுல ஒண்ணுமில்ல. வெயில்ல காஞ்சு உரிக்கும்போது பெயிண்ட்டும் கூடவே வந்துடுது. எப்.சி.க்குப் போறப்ப அதுக்கும் சேத்து நான்தானே செலவு பண்ணணும்?" என்று அவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. வாடகை வாகனங்களுக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு ஆண்டுக்கொரு முறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டியிருப்பதால், ஒப்பந்தத்தின் கெடுவை அந்தத் தேதியோடு பொருத்தி, உரித்தபின் பெயிண்ட் அடிக்கும் செலவை நீங்களே ஏற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டால், சிறிய தொகையில் மனமொத்த ஒரு துணைவர் உங்களுக்குக் கிடைத்துவிடுவார். புதிதாக எழுதுவதற்கு உகந்த காலம் ஆயுத பூஜைக்கு முந்திய வாரம். யந்திரங்களை நம்பி வாழும் இந்த ஊரில் அன்று எல்லா வண்டிகளும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து நிற்கும். அடுத்தாற்போல் தீபாவளிச் செலவும் வந்துவிடும்.

விழாக்களைப் பயன்படுத்துவதில் விவேகம் வேண்டும். 1998ஆம் ஆண்டு முதல் கழகத்தார் நடத்திவரும் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குக் கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கங்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருகிறார்கள். அந்த நாட்களில் வாகனம் நிறுத்துமிடத்துக்கு அருகில், உரிய அனுமதியுடன், துப்புரவான வண்டியொன்று நின்றாலே போதும். வில்லுடையான்பட்டு முருகன் கோவில் பங்குனி உத்திரத்துக்குக் காவடியோடு வருகிறவர்களுக்கு வண்டியிலிருந்து மோரும் தண்ணீரும் வழங்கலாம். வள்ளலார் 1872ஆம் ஆண்டில் சத்திய ஞான சபையை அமைத்த வடலூரில், தைப்பூச ஜோதி தரிசனத்துக்குத் திரளும் கூட்டத்தினிடையே வியாபாரக் கூச்சல் எழுப்புவது தகாது. புலால் உணவு விற்கும் கடைகளின் வண்டி அந்தப் பக்கமே போகாதிருப்பது மரியாதை. அங்கே அன்னதானத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் கடையின் பெயர் எழுதியிருந்தால் அதுவே போதுமான விளம்பரம்.

செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்கிறதா என்பதை அறிய ஆடம்பரமான முறைகள் தேவையில்லை. கல்லாப்பெட்டியருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, புதிதாக வருகிறவரிடம் பில் போடும்போது, "அண்ணே, எந்த வட்டத்திலிருந்து வர்றீங்க? நம்ம கடையை எப்படித் தெரியும்?" என்று கேட்டு, இரண்டு பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் பெயர் எழுதியவுடனே விற்பனை பெருகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். பெயரை அறிமுகம் செய்வது மட்டுமே வண்டியின் வேலை, வாங்கச் செய்வது சரக்கின் வேலை. முதல் மாதம் முழுவதும் நோட்டில் வண்டியின் பேச்சே வராதிருக்கலாம். மூன்று நான்கு மாதம் ஆனபின், "எங்க பார்த்தேன்னு தெரியல, பேரு பழகின மாதிரி இருக்கு" என்று பலர் சொல்லத் தொடங்கினால், அதையும் வண்டியின் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம். நோட்டைப் புரட்டிப் பார்த்து, வடக்குப் பக்கத்து வட்டங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், மந்தாரக்குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்று தெரிந்தால், வர்ணத்தையும் வாசகத்தையும் தொடாமல், வண்டி நிற்கிற இடத்தையும் போகிற வழியையும் மட்டும் மாற்றி, அடுத்த மூன்று மாதத்துக்கு அதே நோட்டில் புதிய பக்கம் தொடங்குங்கள்.